தொலைபேசிப் பதிவுக் கருவிகளுக்கு வலையமைப்பு முகவரி: விழுப்புரம், திண்டிவனம் வழியே ஒரு வரலாறு

தொலைபேசியில் நடக்கும் உரையாடலைப் பதிவு செய்து சேமித்து வைக்கும் கருவி குரல் பதிவி எனப்படும். அலுவலக வழக்கில் இதை வாய்ஸ் லாகர் என்பார்கள். ரயில் நிலையம், காவல் கட்டுப்பாட்டு அறை, ஆம்புலன்ஸ் அழைப்பு மையம், மின் பகிர்மான அலுவலகம் போன்ற இடங்களில் இது இரவும் பகலும் இயங்குகிறது. தொடக்கத்தில் இது ஒரே ஒரு தொலைபேசிக் கம்பியோடு இணைக்கப்பட்ட தனிக் கருவியாக இருந்தது. இன்று கணினி வலையமைப்பில் மற்ற கருவிகளோடு சேர்ந்து இயங்குகிறது. ஆகவே அதற்கும் ஒரு முகவரி தேவைப்படுகிறது. அந்த முகவரியை யார் கொடுக்கிறார்கள், எப்படிக் கொடுக்கிறார்கள், தவறாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பவை வெறும் தொழில்நுட்பக் கேள்விகளாகத் தோன்றலாம். ஆனால் ஒரு விபத்துக்குப் பின் "அந்த நேரத்தில் யார் யாரிடம் என்ன சொன்னார்?" என்று கேட்கப்படும்போது, பதில் இந்த முகவரியைத்தான் சார்ந்திருக்கிறது.

இந்த வரலாற்றை விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் வைத்துப் படிப்பது எளிது. தொலைபேசி எண், ரயில்வே கட்டுப்பாட்டுத் தொலைபேசி, கணினி வலையமைப்பு என முகவரி வழங்கலின் மூன்று காலக் கட்டங்களும் இந்த இரண்டு ஊர்களைத் தொட்டுச் செல்கின்றன.

பெயரிலிருந்து எண்ணுக்கு

தொலைபேசி வந்த புதிதில் எண் கிடையாது. இணைப்பகத்தில் அமர்ந்திருந்தவரிடம் பெயரைச் சொன்னால் போதும், அவர் கம்பியை மாற்றிச் செருகுவார். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் லோவல் நகரில் 1879ஆம் ஆண்டு தட்டம்மை பரவியபோது, இணைப்பக ஊழியர்கள் நால்வரும் ஒரே சமயத்தில் படுத்துவிட்டால் புதிதாக வருபவருக்கு எந்தக் கம்பி யாருடையது என்று எப்படித் தெரியும் என்று மோசஸ் கிரீலி பார்க்கர் என்னும் மருத்துவர் கவலைப்பட்டதாகவும், அவர் யோசனையின் பேரிலேயே சந்தாதாரர்களுக்கு எண்கள் தரப்பட்டதாகவும் சொல்லப்படுகிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எண் என்பது மனிதரின் நினைவாற்றலை நம்பாமல் இருப்பதற்காக வந்தது. பின்னால் வந்த எல்லா முகவரி முறைகளுக்கும் இதுவே காரணம்.

1891இல் அல்மன் ஸ்ட்ரோஜர் தானியங்கி இணைப்புக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதன் பிறகு எண்ணைப் புரிந்துகொள்ள மனிதரே தேவையில்லை என்றானது. இந்தியாவில் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய நகரங்களில் 1882 ஜனவரியில் தொலைபேசி இணைப்பகங்கள் தொடங்கப்பட்டன. சிற்றூர்களுக்கு அது வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று. வெளியூருக்குப் பேச வேண்டுமானால் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சாதாரண அழைப்பு, அர்ஜென்ட், லைட்னிங் என்று கட்டணத்துக்கு ஏற்ற வேகம். சொந்தத் தொலைபேசி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு அல்லது மளிகைக் கடை எண்ணைத் தங்கள் எண்ணோடு 'பி.பி.' என்று சேர்த்து முகவரி அட்டையில் அச்சிட்டுக்கொண்ட காலமும் உண்டு. ஒரே முகவரியைப் பலர் பங்கிட்டுக்கொள்ளும் இந்த ஏற்பாடு பின்னால் கணினி வலையமைப்பிலும் வேறு பெயரில் திரும்பி வந்தது.

04146, 04147

1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே இந்தியாவின் முதல் எஸ்.டி.டி. சேவை தொடங்கியது. ஆபரேட்டர் இல்லாமலே வெளியூர் எண்ணைச் சுழற்றலாம் என்பதற்காக ஊர்களுக்குக் குறியீடு தேவைப்பட்டது. காலப்போக்கில் விழுப்புரத்துக்கு 04146 என்றும், திண்டிவனத்துக்கு 04147 என்றும் குறியீடுகள் அமைந்தன.

இந்த ஐந்து இலக்கங்களைப் பிரித்துப் பார்த்தால் முகவரி என்பது எப்படிக் கட்டப்படுகிறது என்பது விளங்கும். முதலில் உள்ள 0, வெளியூர் அழைப்பு என்பதற்கான அடையாளம். அடுத்த 4, தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி ஆகியவை அடங்கிய தென்பகுதி. 41 என்றால் பழைய ஆற்காடு மாவட்டங்களும் புதுச்சேரியும் சேர்ந்த வட்டாரம். வேலூருக்கு 0416, புதுச்சேரிக்கு 0413. 414 என்று வந்தால் கடலூரைச் சுற்றிய பகுதி. கடைசி இலக்கம் ஊரைக் காட்டுகிறது: 2 கடலூர், 3 விருத்தாசலம், 4 சிதம்பரம், 5 செஞ்சி, 6 விழுப்புரம், 7 திண்டிவனம், 9 உளுந்தூர்பேட்டை. டெல்லியில் உள்ள இணைப்பகத்துக்கு விழுப்புரம் எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. 4 என்று கேட்டதும் தெற்கே தள்ளிவிட்டால் போதும். மீதியைத் தெற்கே இருப்பவர் பார்த்துக்கொள்வார். தபால்காரர் மாநிலம், மாவட்டம், தெரு, கதவு எண் என்று படிப்பது போலத்தான் இதுவும்.

நாடு முழுவதும் இவ்வாறு 2,600க்கும் மேற்பட்ட குறுந்தொலைவுக் கட்டணப் பகுதிகள் வகுக்கப்பட்டன. 2003ஆம் ஆண்டின் தேசிய எண் திட்டப்படி, தொடக்கப் பூஜ்யம் நீங்கலாகக் குறியீடும் சந்தாதாரர் எண்ணும் சேர்ந்து 10 இலக்கம் இருக்க வேண்டும். விழுப்புரத்தின் குறியீடு 4146 நான்கு இலக்கம் என்பதால் உள்ளூர் எண்ணுக்கு ஆறு இலக்கம் மிஞ்சியது. சென்னையின் குறியீடு 44 என்பதால் அங்கே எட்டு இலக்கம். ஊர் பெரிதானால் குறியீடு சிறுக்கும், உள்ளூர் எண்ணுக்கு இடம் கூடும். இதே கணக்கைக் கணினி வலையமைப்பில் மீண்டும் காண்போம்.

நிர்வாக எல்லை மாறினாலும் தொலைபேசி முகவரி மாறுவதில்லை என்பது இங்கே சுவையான செய்தி. தென்னாற்காடு மாவட்டத்திலிருந்து விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று பிரிந்தது. அதன் பிறகும் கடலூரும் விழுப்புரமும் 0414 என்ற ஒரே குடும்பத்திலேயே இருந்தன. 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோதும் அதன் 04151 அப்படியே நின்றது. ஆரோவில்லின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தில் இருக்கிறது. ஆனால் அதன் தொலைபேசிகள் புதுச்சேரியின் 0413இல் இயங்குகின்றன. கம்பி எந்த இணைப்பகத்துக்குப் போகிறதோ அதுவே முகவரி, ஆட்சியர் அலுவலகம் எங்கே இருக்கிறது என்பதல்ல. வலையமைப்பு முகவரி கற்கும் மாணவர்கள் பலர் தடுமாறும் இடம் இதுதான். ஒரு கருவி எந்த ஊரில் இருக்கிறது என்பதற்கும் எந்த வலையமைப்பில் இருக்கிறது என்பதற்கும் கட்டாயத் தொடர்பு ஏதும் இல்லை.

ரயில்வேயின் பழைய முகவரி முறை

விழுப்புரம் சந்திப்பிலிருந்து ஐந்து திசைகளில் பாதைகள் பிரிகின்றன: சென்னை, புதுச்சேரி, காட்பாடி, விருத்தாசலம் வழியே திருச்சிராப்பள்ளி, கடலூர் வழியே மயிலாடுதுறை. சென்னைத் திசையில் முண்டியம்பாக்கம், விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் நிலையங்களைக் கடந்தால் திண்டிவனம். ஓடும் வண்டிகளை எங்கோ ஓர் அறையிலிருந்து கண்காணிக்கும் கட்டுப்பாட்டாளர், பாதையிலுள்ள எல்லா நிலையங்களோடும் பேசியாக வேண்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் தனிக் கம்பி இழுப்பது செலவு. ஆகவே ஒரே கம்பியில் எல்லா நிலையங்களும் தொங்கின. கட்டுப்பாட்டாளர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். ஆனால் மணி மட்டும் வேண்டிய நிலையத்தில் மட்டுமே அடிக்க வேண்டும்.

இதற்காக வந்ததுதான் செலக்டர் கருவி. வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் முறையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் மூன்று தொகுதித் துடிப்புகள் கொண்ட ஒரு குறியீடு உண்டு. மூன்றையும் கூட்டினால் 17 வர வேண்டும். கட்டுப்பாட்டாளர் ஒரு சாவியைத் திருப்பியதும் துடிப்புகள் கம்பியில் ஓடும். எல்லா நிலையங்களின் செலக்டர்களும் அவற்றோடு சேர்ந்து நகரத் தொடங்கும். முதல் தொகுதி பொருந்தாத கருவிகள் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இரண்டாம் தொகுதியில் இன்னும் சில கழியும். மூன்றும் பொருந்திய ஒரே கருவி மட்டும் மணியடிக்கும். பின்னாளில் துடிப்புகளுக்குப் பதில் இரட்டை ஒலி முறையும் இரண்டு இலக்கக் குறியீடும் வந்தன.

ஒரே கம்பி, பல கருவிகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு, எல்லோரும் கேட்டாலும் உரியவரே பதில் சொல்வது: இவை நான்கும் தொடக்கக் கால ஈதர்நெட் வலையமைப்பின் இலக்கணமும்கூட. கணினி வருவதற்குப் பல்லாண்டுகள் முன்பே ரயில் நிலைய மேலாளர்கள் முகவரி இடப்பட்ட வலையமைப்பில் வேலை செய்துகொண்டிருந்தார்கள். யாரும் அதை அப்படி அழைக்கவில்லை, அவ்வளவுதான்.

குரலைப் பிடித்து வைத்தல்

பதிவுக் கருவியின் பிறப்பே தொலைபேசியோடு தொடர்புடையது. டென்மார்க்கின் வால்டெமார் பவுல்சன் 1898இல் எஃகுக் கம்பியில் காந்தமாகக் குரலைப் பதியும் டெலிகிராபோன் கருவிக்கு உரிமை பெற்றார். வீட்டில் ஆள் இல்லாதபோது வரும் தொலைபேசிச் செய்தியைப் பிடித்து வைப்பதே அவர் நோக்கம். 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் அது வைக்கப்பட்டது. ஆஸ்திரியப் பேரரசர் பிரான்ஸ் ஜோசப்பின் குரல் அதில் பதிவானது.

இந்தியாவில் தொலைபேசிப் பதிவு நீதிமன்றத்தில் சான்றாக நிற்குமா என்ற கேள்வியை ஆர்.எம். மல்கானி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972 செப்டம்பரில் தீர்த்தது. பம்பாயில் மரண விசாரணை அதிகாரியாக இருந்த ஒருவர் லஞ்சம் கேட்டதாக எழுந்த வழக்கு அது. பேசிய இருவரில் ஒருவரின் சம்மதத்தோடு காவல்துறை தொலைபேசியில் டேப் ரெக்கார்டரை இணைத்துப் பதிவு செய்திருந்தது. பேச்சு வழக்கோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும், குரல் யாருடையது என்று அடையாளம் காணப்பட வேண்டும், அழித்தோ திருத்தியோ இருக்கவில்லை என்பது நிறுவப்பட வேண்டும் என்ற நிபந்தனைகளோடு பதிவு ஏற்கப்பட்டது.

டேப் காலத்தில் மூன்றாவது நிபந்தனையை நிறைவேற்றுவது ஓரளவு எளிது. கையில் பிடித்துக் காட்டக்கூடிய ஒரு பொருள் இருந்தது. அதை உறையிலிட்டு அரக்கு முத்திரை வைக்கலாம். அதன் பிறகு கணினியில் செருகும் அட்டைகள் வந்தன. எட்டு, பதினாறு தொலைபேசிக் கம்பிகளை ஒரே பெட்டியில் இணைத்து வன்தட்டில் பதியலாம் என்றானது. அப்போதும் பதிவை எடுக்க ஒருவர் அந்த அறைக்கு நேரில் போக வேண்டியிருந்தது. பதிவுப் பெட்டிக்குப் பின்னால் வலையமைப்புத் துளை வந்த பிறகுதான் முகவரிப் பிரச்சினை தொடங்கியது.

ஐ.பி. முகவரி

இணைய நெறிமுறையின் நான்காம் பதிப்பு 1981 செப்டம்பரில் வெளியானது. அதில் முகவரி 32 இருமங்கள் கொண்டது. மொத்தம் ஏறத்தாழ 429 கோடி முகவரிகள். அன்று அது வற்றாத கிணறாகத் தெரிந்தது. 1990களிலேயே தட்டுப்பாடு கண்ணுக்குத் தெரிந்துவிட்டது. 1996 பிப்ரவரியில் மூன்று தொகுதிகள் உள் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டன: 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை, 192.168 என்று தொடங்குபவை. எந்த அலுவலகமும் யாரிடமும் கேட்காமல் இவற்றைத் தன் சுவர்களுக்குள் வைத்துக்கொள்ளலாம். வெளியே போகும்போது எல்லோரும் ஒரு பொது முகவரியைப் பங்கிட்டுக்கொள்வார்கள். பி.பி. எண்ணின் மறுபிறவி இது. பொது முகவரி வேண்டுமானால் அதை வழங்கும் அமைப்பிடம் கேட்க வேண்டும். ஆசிய பசிபிக் பகுதிக்கு ஏப்னிக், இந்தியாவுக்குள் 2012 முதல் இரின் என்ற தேசியப் பதிவகம்.

பதிவுக் கருவிக்கு எப்போதும் உள்முகவரியே கொடுக்க வேண்டும். ஒரு மாவட்ட அலுவலகத்தின் வலையமைப்பை எடுத்துக்காட்டாகக் கற்பனை செய்துகொள்வோம். விழுப்புரத்துக்கு 10.146, திண்டிவனத்துக்கு 10.147 என்று எஸ்.டி.டி. குறியீட்டின் கடைசி மூன்று இலக்கங்களையே வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பகுதியும் 0 முதல் 255 வரை மட்டுமே இருக்க முடியும் என்பதால் 4146 முழுதாக நுழையாது, 146 நுழையும். மூன்றாம் இடத்தில் கருவி வகை: 10 என்றால் கணினிகள், 20 என்றால் ஐ.பி. தொலைபேசிகள், 30 என்றால் பதிவுக் கருவிகள். கடைசி இடம் தனிக் கருவிக்கு. அப்படியானால் 10.147.30.5 என்று பார்த்த உடனே "திண்டிவனம், பதிவுக் கருவி, ஐந்தாவது" என்று வாய்விட்டுப் படித்துவிடலாம். முகவரித் திட்டம் நன்றாக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சோதனை இல்லை: பட்டியலைப் பார்க்காமலே படிக்க முடிய வேண்டும்.

முகவரியைக் கருவிக்குள் எப்படிச் சேர்ப்பது என்பதில் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, கருவியின் அமைப்புப் பக்கத்தில் கையால் எழுதி விடுவது. இது நிலைமுகவரி. சொந்த வீட்டுக் கதவு எண் போல மாறாது. ஆனால் யார் எந்த எண்ணை எடுத்தார் என்று பதிவேடு வைத்திருக்க வேண்டும். இரண்டாவது, 1993இல் வந்து 1997இல் செப்பமுற்ற டி.எச்.சி.பி. முறை. கருவி இயக்கப்பட்டதும் "எனக்கு ஒரு முகவரி வேண்டும்" என்று வலையமைப்பில் குரல் கொடுக்கும். முகவரி வழங்கி ஒன்றைக் குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகைக்குத் தரும். காலத்தில் பாதி கழிந்ததும் கருவி குத்தகையைப் புதுப்பிக்கக் கேட்கும். வருவதும் போவதுமாக இருக்கும் மடிக்கணினிகளுக்கு இது பொருத்தம். பதிவுக் கருவிக்குப் பொருந்தாது. மின்தடைக்குப் பிறகு கருவி வேறு முகவரியோடு எழுந்தால், பதிவுகளைச் சேகரிக்கும் மையக் கணினி பழைய கதவையே தட்டிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது வழி இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஒவ்வொரு வலையமைப்புக் கருவிக்கும் தொழிற்சாலையிலேயே 48 இருமங்கள் கொண்ட மேக் முகவரி பொறிக்கப்பட்டிருக்கும். முதல் பாதி உற்பத்தியாளரைக் குறிக்கும். இந்த மேக் முகவரியோடு வருபவருக்கு எப்போதும் 10.147.30.5 மட்டுமே தர வேண்டும் என்று முகவரி வழங்கியிடம் முன்கூட்டியே எழுதி வைப்பது இம்முறை. பெயர் மாறாது, பதிவேடும் ஒரே இடத்தில் இருக்கும். கருவி பழுதாகி வேறு கருவி வைத்தால் மேக் முகவரியை மாற்றி எழுத மறக்கக்கூடாது. நடைமுறையில் மறக்கப்படுவது பெரும்பாலும் அதுதான்.

தவறுகள்

புதுக் கருவிகள் தொழிற்சாலையிலிருந்து வரும்போது பெரும்பாலும் 192.168.1 என்று தொடங்கும் ஒரே முகவரியோடு வருகின்றன. ஒரே மாதிரியைச் சேர்ந்த இரண்டு கருவிகளை ஒரே நாளில் இணைத்தால் இரண்டுக்கும் ஒரே முகவரி. வகுப்பில் ஆசிரியர் ஒரு பெயரைக் கூப்பிட, இரண்டு பேர் "உள்ளேன் ஐயா" என்று சொல்வது போன்றது இது. மையக் கணினி ஒரு சமயம் இந்தக் கருவியோடும் மறு சமயம் அந்தக் கருவியோடும் பேசும். பதிவுகள் பாதி வரும், பாதி வராது. முழுதாக நின்றுபோனால் யாராவது கவனிப்பார்கள். விட்டு விட்டு வேலை செய்யும் கருவியை ஒருவரும் சந்தேகிப்பதில்லை. ஆகவே ஒவ்வொரு கருவியையும் தனியாக இயக்கி, முகவரியை மாற்றிய பிறகே வலையமைப்பில் சேர்க்க வேண்டும்.

முகவரி 169.254 என்று தொடங்கினால் கருவிக்கு முகவரி கொடுக்க யாரும் இல்லை என்று பொருள். அது தானே ஒன்றை வைத்துக்கொண்டிருக்கிறது.

இவற்றையெல்லாம்விடக் கண்ணுக்குத் தெரியாத பிழை கடிகாரத்தில் இருக்கிறது. பதிவுக் கருவிகள் வலையமைப்பு வழியே நேரத்தைச் சரிசெய்துகொள்கின்றன. முகவரியோடு சேர்த்து எழுத வேண்டிய நுழைவாயில் முகவரியை விட்டுவிட்டால், கருவி உள்ளூரில் ஒழுங்காகப் பதியும். ஆனால் நேர வழங்கியை எட்ட முடியாமல் அதன் கடிகாரம் மெல்ல மெல்ல விலகும். ஒரு நாளைக்குச் சில வினாடிகள் என்றாலும் ஓர் ஆண்டில் பல நிமிடங்கள் ஆகிவிடும். ரயில் கேட்டைப் பொறுத்தவரை நிமிடம் என்பது பெரிய அளவு.

கருவிக்குப் பொது முகவரி கொடுத்து இணையத்தில் திறந்து வைப்பது இன்னொரு தவறு. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட கண்காணிப்புக் கேமராக்களையும் காணொளிப் பதிவுப் பெட்டிகளையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியது. அவ்வாண்டு அக்டோபர் 21 அன்று அமெரிக்காவில் பல பெரிய இணையதளங்கள் முடங்கியதற்கு அந்தப் பெட்டிகளே கருவியாயின. குரல் பதிவி அதைவிட நுட்பமானது. அதற்குள் மனிதர்களின் பேச்சு இருக்கிறது.

செம்மங்குப்பம்

2025 ஜூலை 8 அன்று காலை, விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை நோக்கிச் சென்ற பயணிகள் ரயில், கடலூருக்கும் ஆலப்பாக்கத்துக்கும் இடையே செம்மங்குப்பம் கேட்டைக் கடக்க முயன்ற பள்ளி வேன் மீது மோதியது. மாணவர்கள் மூவர் இறந்தனர்.

அந்தக் கேட் அப்போது இன்டர்லாக்கிங் இல்லாததாக இருந்தது. இன்டர்லாக்கிங் உள்ள கேட்டில் கதவு மூடப்படாவிட்டால் சிக்னல் விழாது. இயந்திரமே மறுத்துவிடும். இன்டர்லாக்கிங் இல்லாத கேட்டில் அந்த மறுப்பு கிடையாது. நிலைய மேலாளர் தொலைபேசியில் கேட் கீப்பரை அழைத்து வண்டி வருவதைச் சொல்கிறார். கேட் கீப்பர் கதவை மூடிவிட்டதாகச் சொல்லி, தன்னிடம் உள்ள தாளில் வரிசையின்றி அச்சிடப்பட்டிருக்கும் எண்களில் ஒன்றை உறுதிமொழியாகத் தருகிறார். அதற்குப் பிரைவேட் நம்பர் என்று பெயர். அந்த எண் இரு பக்கமும் எழுதிக்கொள்ளப்படுகிறது. பாதுகாப்பு முழுவதும் ஒரு தொலைபேசிப் பேச்சையும் ஓர் எண்ணையும் நம்பி நிற்கிறது. பேச்சு பதிவாகியிருந்தால் மட்டுமே பின்னால் அது உண்மையா என்று பார்க்க முடியும்.

விபத்துக்கு அடுத்த சில நாட்களில் ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் 11 அம்ச உத்தரவுகளை அறிவித்தார். எல்லா ரயில்வே கேட்களிலும் கண்காணிப்புக் கேமரா, இன்டர்லாக்கிங் பணிகளை விரைவுபடுத்துதல் ஆகியவற்றோடு, இன்டர்லாக்கிங் இல்லாத கேட்களில் குரல் பதிவு முறை இயங்குகிறதா என்று கண்காணிப்பதும் பதிவுகளை நாள்தோறும் எடுத்துச் சோதிப்பதும் அதில் இடம்பெற்றன. நாள்தோறும் சோதிப்பது என்றால் கோட்ட அலுவலகத்திலிருந்து ஒவ்வொரு கேட்டுக்கும் ஆள் அனுப்பிக்கொண்டிருக்க முடியாது. வலையமைப்பு வழியாகத்தான் கேட்க வேண்டும். அப்படியானால் வயல்வெளி நடுவே நிற்கும் கேட் அறையில் உள்ள பெட்டிக்கும் ஒரு முகவரி வேண்டும், அந்த முகவரி எந்தக் கேட்டுடையது என்ற பதிவேடு பிழையில்லாமல் இருக்க வேண்டும். இரண்டு கேட்களின் முகவரிகள் பதிவேட்டில் இடம் மாறி எழுதப்பட்டால், சோதிக்கும் அதிகாரி ஒரு கேட்டின் பேச்சைக் கேட்டு மற்றொரு கேட்டை நன்றாக நடப்பதாக எழுதிவிடுவார். இன்டர்லாக்கிங் செய்துவிட்டால் இந்தக் கவலையில் பெரும்பகுதி போய்விடும் என்பதும் உண்மையே. பதிவு என்பது நடந்ததைச் சொல்லும், நடப்பதைத் தடுக்காது.

சட்டத்தில் முகவரி

அலுவலகம் தன் சொந்தக் கம்பியில் பதிவு செய்வதும், அரசு பிறர் பேச்சை ஒட்டுக்கேட்பதும் வேறு வேறு. பின்னதற்கு 1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு அதிகாரம் தந்தது. மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 18 அன்று, தொலைபேசிப் பேச்சு தனிமனித அந்தரங்கத்தின் பகுதி என்று கூறி, உள்துறைச் செயலர் நிலையில் உத்தரவு, மறுஆய்வுக் குழு போன்ற கட்டுப்பாடுகளை விதித்தது. அவை 2007இல் விதிகளாயின. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தின் கீழ் 2024 டிசம்பரில் புதிய விதிகள் வந்துள்ளன.

மின்னணுப் பதிவைச் சான்றாகத் தருவதற்குச் சான்றிதழ் வேண்டும் என்ற 65பி பிரிவு, 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தோடு சாட்சியச் சட்டத்தில் சேர்க்கப்பட்டது. அது கட்டாயம் என்பதை உச்ச நீதிமன்றம் 2014இல் அன்வர் வழக்கில் உறுதிப்படுத்தியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு இதற்கு ஒரு படிவத்தையே இணைத்திருக்கிறது. அந்தப் படிவத்தில் கருவியின் தயாரிப்பு, மாதிரி, நிறம், வரிசை எண் ஆகியவற்றோடு மேக் முகவரி போன்ற அடையாளத்தையும் எழுத வேண்டும். கோப்பு மாறவில்லை என்பதைக் காட்டும் ஹாஷ் மதிப்பையும் குறிக்க வேண்டும். டேப் காலத்து அரக்கு முத்திரை செய்த வேலையை இப்போது இந்த எண்கள் செய்கின்றன.

ஐ.பி. முகவரி மாறக்கூடியது. மேக் முகவரி கருவியோடு பிறந்தது. எனவே நீதிமன்றத்தில் பதிவு ஒன்றை நிலைநிறுத்த வேண்டுமானால், இன்ன நாளில் இன்ன ஐ.பி. முகவரி இன்ன மேக் முகவரி உள்ள பெட்டிக்குத் தரப்பட்டிருந்தது என்ற பதிவேடும் வேண்டும். முகவரி வழங்கியின் குறிப்புகளைச் சில வாரங்களில் அழித்துவிடும் அலுவலகங்கள், பதிவை மட்டும் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து பயனில்லை.

குறியீட்டின் இன்றைய நிலை

ஐ.பி. தொலைபேசிகள் பெருகப் பெருக, பதிவும் கம்பியிலிருந்து விலகிவிட்டது. அழைப்பை ஏற்படுத்தும் சிப் நெறிமுறை 1999இல் வந்தது. பேச்சின் நகலை இணைப்பு வழங்கியே பதிவு வழங்கிக்கு அனுப்பும் முறை 2016இல் தரப்படுத்தப்பட்டது. இதில் பதிவுக் கருவி தொலைபேசிக்கு அருகில் இருக்க வேண்டிய தேவையே இல்லை.

தொலைபேசி எண்ணும் அதே வழியில் போகிறது. 2021 ஜனவரி 15 முதல் தரைவழித் தொலைபேசியிலிருந்து கைப்பேசியை அழைக்க முன்னால் 0 சேர்க்க வேண்டும் என்றானது. 2025 பிப்ரவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், தரைவழி எண்களை ஊர்ப் பகுதி அடிப்படையிலிருந்து உரிமப் பகுதி அடிப்படையிலான 10 இலக்க முறைக்கு மாற்றப் பரிந்துரைத்தது. அதன்படி விழுப்புரத்துக்காரர் பக்கத்துத் தெருவிலுள்ள தரைவழித் தொலைபேசியை அழைக்கவும் 0, 4146 என்று தொடங்கியே முழு எண்ணையும் அழுத்த வேண்டியிருக்கும். சந்தாதாரர்களின் எண்கள் மாறா.